அழித்தாலும் திரும்பி வரும் ஃபோல்டர்: புரொசஸ் மொனிட்டர் எனக்குச் செய்த வேலை

கணினிக்குள் எந்தப் புரோகிராம் என்ன செய்கிறது என்று வரி வரியாகக் காட்டும், மைக்ரோசொஃப்ட் இலவசமாகக் கொடுக்கும் புரொசஸ் மொனிட்டர் என்ற சிறிய மென்பொருளுக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுக்கிறேன். அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, பிறகு வருகிறேன். ஆனால் "ஃபோல்டரை அழித்தால் மறுபடியும் வந்து நிற்கிறது" என்று யார் சொன்னாலும், முதலில் இதை ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். போர்மட் பண்ணுவதற்கு முன்னால் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

தலவாக்கலையில் கம்யூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட், டைப்செட்டிங், ஸ்கேன். காலையில் சேமலாப நிதி விண்ணப்பம் நிரப்ப வருபவர்கள், பாடசாலை விட்டதும் தவணைப் பரீட்சை வினாத்தாளோடு வரும் ஆசிரியர்கள், பொழுது சாயும் நேரத்தில் கல்யாணப் பத்திரிகையும் மரண அறிவித்தலும். டைப் செய்யும்போது வாடிக்கையாளர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிழை பார்ப்பது இங்கே வழக்கம். பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டால் அலுவலகத்தில் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு பஸ் செலவு யாருடையது? அதனால் என் திரையில் என்ன இருக்கிறது என்பது பாதி ஊருக்குத் தெரியும்.

அந்தத் திரையில், டொகுமென்ட்ஸுக்குள், 'மை ஸ்கேன்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. நான் உருவாக்கியது அல்ல. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று நான் ஸ்கேன் செய்பவை டி டிரைவில் வேறோர் இடத்தில் சேரும். கடை பூட்டும் முன் அவற்றைத் துடைத்துவிடுவேன். 'மை ஸ்கேன்ஸ்' எப்போது திறந்தாலும் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் வெறுமை என்பது திறந்து பார்க்கிறவருக்கு அல்லவா தெரியும்? ஓய்வு பெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர், ஓய்வூதியக் கடிதம் டைப் செய்ய வந்தவர், கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, போன தரம் எடுத்த என் ஐடென்டி கார்ட் இதற்குள்ளேதான் கிடக்கிறதா?" திறந்து காட்டினேன். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். மறுநாள் கொப்பி எடுக்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "அழிக்கிற பட்டன் வேலை செய்யவில்லையோ?" என்றார். தோட்டத்து ஒஃபிஸில் காலமெல்லாம் கணக்குப் பார்த்த மனிதர். அவரிடம் "அது தானாக வருகிறது ஐயா" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

கணினி திருத்தும் கடை ஒன்றுக்கு போன் எடுத்தேன். நான் சொல்லி முடிக்கவில்லை, "வைரஸ்தான் அக்கா. போர்மட் பண்ண வேண்டும். சீபீயூவைக் கொண்டு வாருங்கள், 3,500 ரூபா" என்று பதில் வந்துவிட்டது. அவருக்கு அது மதியத்துக்கு முன் முடியும் வேலை. எனக்கோ, பாமினி முதல் அழைப்பிதழ் எழுத்துருக்கள் வரை எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். பிரிண்டர்களின் டிரைவர்களைத் தேட வேண்டும். வருடக்கணக்காகச் சேர்த்த தேர்த்திருவிழா நோட்டீஸ் மாதிரிகள் தப்பியதா என்று பார்க்க வேண்டும். அத்தனையும் செய்த பிறகும் அந்த ஃபோல்டர் வந்தே இருக்கும். காரணத்தைக் கீழே படித்தால் புரியும்.

வைரஸ் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஒரு ஃபோல்டர் தானாகப் பிறப்பதில்லை. கணினிக்குள் ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் அதை உருவாக்குகிறது. அந்தப் புரோகிராமின் பெயர் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. விண்டோஸில் ஒரு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'புரொப்பர்டீஸ்' போனால் அது உருவான நேரம் தெரியும். உருவாக்கிய புரோகிராம் எது என்று எங்கேயும் இராது. புரொசஸ் மொனிட்டர் சொல்வது அதைத்தான்.

இதைச் செய்தவர்கள் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற பெயரில் அறியப்பட்டவர்கள். மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் என்ற இருவர் 1996இல் தொடங்கியது. கோப்புகளைக் கவனிக்க ஃபைல்மொன், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கவனிக்க ரெக்மொன் என்று தனித்தனிக் கருவிகள் வைத்திருந்தார்கள். 2006இல் மைக்ரோசொஃப்ட் அவர்களை வாங்கியது. அதே ஆண்டில் இரண்டு கருவிகளும் ஒன்றாகி புரொசஸ் மொனிட்டர் ஆனது. இன்றைக்கும் இலவசம், இன்றைக்கும் சில எம்.பி. மட்டும். போனில் இருக்கும் டேட்டாவை ஹொட்ஸ்பொட் போட்டு வேலை பார்க்கிற எங்களுக்கு அது பெரிய விடயம். இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை. சுருக்கி வைத்த சிப் (zip) கோப்பைப் பிரித்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் சரி. கடையில் விண்டோஸ் 10 ஒன்று, விண்டோஸ் 11 ஒன்று. இரண்டிலும் ஓடுகிறது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது எனக்கும் தெரியும். புதுக் கணினி வாங்கக் காசு யார் தருவது?

முதன்முறை திறப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. திறந்த மாத்திரத்தில் வரிகள் ஓடத் தொடங்கும். நீங்கள் மவுஸைத் தொடாவிட்டாலும் ஓடும். சில விநாடிகளில் ஆயிரக்கணக்கான வரிகள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை எழுதும் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள்: யார், எத்தனை மணிக்கு, எந்த மலையில், என்ன வேலை, எவ்வளவு கொழுந்து. இதுவும் அதே கணக்குத்தான். நேரம், புரோகிராமின் பெயர், அதன் எண், செய்த வேலை, எந்த இடத்தில் செய்தது, முடிவு என்ன, விவரம். ஏழு நிரல்கள். ஒரே வித்தியாசம், இங்கே மூச்சு விட்டதற்கும் ஒரு வரி எழுதப்படும்.

ஆகவே முதல் வேலை வடிகட்டுவது. கன்ட்ரோல்-எல் அழுத்தினால் ஃபில்டர் பெட்டி வரும். முதல் இடத்தில் 'பாத்', அடுத்ததில் 'கன்டெய்ன்ஸ்', மூன்றாவதில் உங்கள் ஃபோல்டரின் பெயர், கடைசியில் 'இன்குளூட்'. 'அட்' கொடுத்து ஓகே கொடுங்கள். வரிகள் சட்டென்று ஒரு கைப்பிடிக்குக் குறைந்துவிடும். அதன் பிறகு ஃபோல்டரை அழித்துவிட்டு, அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

என் ஃபோல்டர் உடனே வரவில்லை. கணினியை அணைத்துப் போட்டால் மட்டும் வந்தது. அதாவது, நான் லொகின் ஆகி புரொசஸ் மொனிட்டரைத் திறப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 'ஒப்ஷன்ஸ்' மெனுவில் 'எனேபிள் பூட் லொகிங்' என்று இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் எழும்பும் தருணத்திலிருந்தே பதிவு நடக்கும். பிறகு மென்பொருளை மறுபடி திறந்தவுடன், பதிவைச் சேமிக்கவா என்று கேட்கும். சேமித்துத் திறந்து, அதே ஃபில்டரைப் போட்டேன்.

இரண்டு வரிகள், ஒன்றன் கீழ் ஒன்று. முதல் வரியில் ஒரு புரோகிராம் 'மை ஸ்கேன்ஸ்' இருக்கிறதா என்று தேடியிருக்கிறது. முடிவு 'நேம் நொட் ஃபவுண்ட்'. அடுத்த வரியில் அதே புரோகிராம், அதே இடம், முடிவு 'சக்சஸ்'. நேரத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் இடையில் விநாடியின் ஒரு துளி கூட இல்லை. காணவில்லை, செய்துவிட்டேன். அவ்வளவுதான் கதை.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு வரிகளிலும் செய்த வேலையின் பெயர் 'கிரியேட் ஃபைல்' என்றே இருக்கும். விண்டோஸில் ஏற்கெனவே இருப்பதைத் திறப்பதற்கும், புதிதாக உருவாக்குவதற்கும் அந்த ஒரே பெயர்தான். எக்ஸ்புளோரர், வைரஸ் காவல் மென்பொருள், தேடல் அட்டவணை போடும் புரோகிராம் என்று பலரும் உங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்த்திருப்பார்கள். அவர்கள் பெயரிலும் 'கிரியேட் ஃபைல்' வரிகள் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு எக்ஸ்புளோரர் மேல் பழி போடக்கூடாது. கடைசி நிரலான 'டீட்டெயில்' பகுதியை அகலமாக்கி, 'ஓப்பன் ரிசல்ட்: கிரியேட்டட்' என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். உண்மையில் உருவாக்கியது அந்த வரியின் புரோகிராம் மட்டுமே.

என்னுடைய வரியில் இருந்தது, ஸ்கேனரும் பிரிண்டரும் சேர்ந்த இயந்திரத்தோடு வந்த துணைப் புரோகிராம். டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது. லொகின் ஆனதும் எழும்பி, மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் சின்னப் படமாக உட்கார்ந்திருக்கும். ஸ்கேன் செய்வதைத் தன்னுடைய ஃபோல்டரில் போட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நான் அதை ஒருநாளும் பயன்படுத்தவில்லை. விண்டோஸோடு வரும் 'ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்' எனக்குப் போதும். வைரஸும் இல்லை, வட்டில் கோளாறும் இல்லை. டாஸ்க் மெனேஜரைத் திறந்து 'ஸ்டார்ட்அப்' பகுதியில் அதை 'டிசேபிள்' செய்தேன், ஃபோல்டரை அழித்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். வரவில்லை. போர்மட் பண்ணியிருந்தால் அதே டிரைவரை மறுபடி ஏற்றியிருப்பேன், அதோடு இதுவும் ஏறியிருக்கும்.

குறுக்கு வழி ஒன்றும் பலருக்குத் தெரியும்: ஃபோல்டரை அழித்துவிட்டு, அதே இடத்தில் அதே பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிடுவது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் கோப்பும் ஃபோல்டரும் இருக்க விண்டோஸ் விடாது. வேலை செய்யும்தான். ஆனால் சில புரோகிராம்கள் ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை என்று திறக்கும்போதெல்லாம் பிழைச்செய்தி காட்டும். எனக்கு இந்த வழி பிடிக்காது. எதிராளி யாரென்று தெரியாமலே கதவை அடைக்கிற வேலை.

இதற்குப் பிறகு கடைக்கு வருபவர்களின் கணினிகளிலும் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினேன். எல்லா ஃபோல்டருக்கும் ஒரே காரணம் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

கணித ஆசிரியர் ஒருவர் தன் மடிக்கணினியோடு வந்தார். பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டன; அழித்தால் உடனே திரும்பி வருகின்றன. "சேர், பென்னைக் கழற்றுங்கள்" என்று சொல்லி, புரொசஸ் மொனிட்டரை ஓடவிட்டு, பிறகு செருகச் சொன்னேன். பெயர் நிரலில் 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்று வந்தது. அது ஸ்கிரிப்ட் கோப்புகளை ஓட்டும் விண்டோஸின் சொந்தப் புரோகிராம், பெயரை மட்டும் பார்த்தால் குற்றமற்றது. ஆனால் அந்த வரியை இரட்டைக் கிளிக் செய்து 'புரொசஸ்' பக்கத்துக்குப் போனால் 'கொமாண்ட் லைன்' என்ற இடத்தில் அது எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்று தெரியும். அவருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்த, எழுத்துகளைத் தாறுமாறாகக் கலந்து பெயர் வைத்த ஒரு ஸ்கிரிப்ட் கோப்பு. இது உண்மையான வைரஸ் வேலை. டபிள்யூஸ்கிரிப்டை நிறுத்தி, சிஸ்இன்டர்னல்ஸின் இன்னொரு கருவியான ஓட்டோரன்ஸில் அது தானாக எழும்பும் பதிவை நீக்கி, ஸ்கிரிப்டை அழித்து, விண்டோஸோடு வரும் வைரஸ் காவல் மென்பொருளான டிஃபென்டரால் முழுவதும் ஸ்கேன் செய்தோம். வினாத்தாள்கள் அழிந்துபோகவில்லை. அந்த வைரஸ் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்டை முன்னால் நிறுத்துகிறது. அட்ரிப் கட்டளையால் மறைப்பை நீக்கியதும் இரண்டாம் தவணைக் கேத்திர கணிதம் முழுதாக வெளியே வந்தது. சேர் அங்கேயே பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டார்.

பத்தனை கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒரு தங்கச்சியின் பிரச்சினை வேறு. அழித்த ஃபோல்டர் வெறுமையாக அல்ல, உள்ளே இருந்த படங்களோடு சேர்ந்தே திரும்பி வந்தது. இதை முதல் கேள்வியாகவே வைத்துக்கொள்ளலாம்: வருவது வெறும் ஃபோல்டரா, உள்ளடக்கத்தோடா? வெறும் ஃபோல்டர் என்றால் பெரும்பாலும் ஏதோ புரோகிராமின் பழக்கம். உள்ளடக்கத்தோடு வந்தால், வேறெங்கோ ஒரு பிரதி இருக்கிறது, அங்கிருந்து இறங்குகிறது. அவருடைய வரியில் இணையச் சேமிப்பை ஒத்திசைக்கும் செயலியின் பெயர் இருந்தது. வீட்டில் தம்பி பயன்படுத்தும் பழைய கணினியிலும் அதே இணையச் சேமிப்புக் கணக்குதான் திறந்திருக்கிறது. எப்போதாவதுதான் இணையத்தில் சேருகிறது, சேரும்போது தன்னிடம் இருப்பதை மறுபடி ஏற்றிவிடுகிறது. இந்த இடத்தில் புரொசஸ் மொனிட்டர் திசை மட்டும் காட்டும். மருந்து அடுத்த கணினியில் இருக்கிறது. பழைய கணினியைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, இணையத்தளத்திலேயே நேராக அழிக்கச் சொன்னேன். மைக்ரோசொஃப்டின் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகிய இணையச் சேமிப்புகள் இரண்டிலும் தனிப்பட்ட கணக்கில் அழித்தவை 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்பதால் பயமில்லாமல் செய்யலாம்.

புரொசஸ் மொனிட்டரில் உருவாக்கிய வரி எதுவும் வராத ஒரு வகையும் உண்டு. பென் டிரைவில் அழிக்கிறீர்கள், மறைகிறது. கழற்றிச் செருகினால் பழையபடி இருக்கிறது. பதிவைப் பார்த்தால் அழித்த வரி இருக்கிறது, 'சக்சஸ்' என்றும் இருக்கிறது. உருவாக்கிய வரி எங்கும் இல்லை. அப்படியானால் யாரும் உருவாக்கவில்லை, பென் எழுதவே இல்லை. தேய்ந்துபோன நினைவகம் இப்படித்தான் ஏமாற்றும். சோதிப்பது சுலபம்: புதிதாக ஒரு கோப்பை அதில் போட்டு, கழற்றிச் செருகுங்கள். புதிய கோப்பும் காணாமல் போயிருந்தால், உள்ளே இருப்பதைக் கொப்பி எடுத்துக்கொண்டு பென்னைக் குப்பையில் போடுங்கள். போர்மட் பண்ணியும் பயனில்லை; அதையும் அது எழுதாது.

பென்னில் 'சிஸ்டம் வொலியூம் இன்ஃபர்மேஷன்' என்று மறைந்திருக்கும் ஃபோல்டரைப் பார்த்துப் பதறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது விண்டோஸ் தன் தேவைக்குப் போடுவது. போனில் போட்ட மெமரி கார்டில் வரும் 'லொஸ்ட் டிர்' ஆண்ட்ரொய்டின் வேலை. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இனி, பிடித்துக்கொண்ட அந்த ஒரு புள்ளி.

முதலாவது, இந்த மென்பொருள் பார்க்க மட்டும் செய்யும். தடுக்காது, நீக்காது, அறிவுரை சொல்லாது. பெயரைக் கண்டுபிடித்த பிறகு அடுத்து என்ன செய்வது என்பது உங்கள் பாடு. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் சரியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

நினைவக விடயம்தான் உண்மையான குறை. நீங்கள் ஃபில்டர் போட்டாலும் அது திரையில் மறைக்கிறதே தவிர, பின்னால் எல்லா வரிகளையும் சேர்த்துக்கொண்டே இருக்கும். 4 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் ஓடவிட்டுவிட்டு ஒரு பிளேன்டி குடிக்கப் போய் வந்தால், கணினி அசையாது. 'ஃபில்டர்' மெனுவில் 'டிராப் ஃபில்டர்ட் ஈவன்ட்ஸ்' என்பதை டிக் செய்தால் வேண்டாத வரிகளைச் சேர்க்காது. இதை ஏன் புதியவர்களின் கண்ணில் படும்படி வைக்கவில்லை என்று புரியவில்லை. பூட் பதிவும் அப்படித்தான், கோப்பு மிகப் பெரிதாகும். வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். மின்சாரம் அடிக்கடி போய் வரும் மாதங்களில் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். பாதியில் போனால் மறுபடி முதலிலிருந்து.

பதிவிறக்கும்போது மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இதே பெயரைத் தேடினால் வேறு தளங்களும் நீட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு ஓட வேண்டிய ஒன்றை முகம் தெரியாத இடத்திலிருந்து எடுப்பது நல்லதல்ல.

கடைசியாக, எல்லாமே ஆங்கிலம். அதுவும் புரோகிராம் எழுதுகிறவர்களின் ஆங்கிலம். கடையில் என்னோடு வேலை செய்யும் பிள்ளை உயர்தரம் முடித்தவள், டைப்பிங்கில் என்னை மிஞ்சுவாள், இந்தத் திரையைப் பார்த்ததும் பின்வாங்கினாள். ஏழு நிரல்களுக்கும் தமிழில் பொருள் எழுதி, 'ஓப்பன் ரிசல்ட்' வரிக்குச் சிவப்புக் கோடு போட்டு, லெமினேட் பண்ணி மொனிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். இப்போது பென் வைரஸ் கேஸ்களை அவளே பார்க்கிறாள், 300 ரூபா வாங்குகிறாள்.